கணவாய் ஓட்டைச் சுடாமலே எலும்புச் சாரக்கட்டு செய்யலாம்

கேள்வி: பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறேன். இயற்கைப் பொருளிலிருந்து எலும்பு வளர உதவும் துளையுள்ள சாரக்கட்டு செய்வதுதான் புராஜெக்ட். நாட்டு மருந்துக் கடையில் கணவாய் ஓடு வாங்கி, 900 டிகிரியில் மூன்று மணி நேரம் மஃபில் ஃபர்னஸில் வைத்தேன். வெள்ளையாக, முழுசாகத்தான் வந்தது. மறுநாள் தொட்டதும் மாவாக உதிர்ந்துவிட்டது. எந்தப் படிகம் என்று காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனையான எக்ஸ்ஆர்டியில் 18, 34 டிகிரி கோணத்தில் பீக் வருகிறது, எலும்பின் கால்சியம் பாஸ்பேட் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டின் பீக் ஒன்றுகூட இல்லை. அந்தப் பொடியை ஜெலட்டினில் கலந்து உறைய வைத்து உலர்த்தினால் சமாளிக்கலாமா? துளை எத்தனை மைக்ரான் இருக்க வேண்டும்? கடையில் வாங்கிய ஓடு பரவாயில்லையா?

பதில்: உங்கள் கைவேலையில் குறை இல்லை. எடுத்துக்கொண்ட செய்முறைதான் இந்தப் பொருளுக்கு உரியதல்ல.

கணவாய் ஓட்டில் பெரும்பகுதி அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். சுமார் 400 டிகிரியைத் தாண்டும்போது அது கால்சைட்டாக மாறும். அப்போது கன அளவு சற்றுப் பெருகி விரிசல் விழும். 900 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு முழுவதும் வெளியேறி, 100 கிராம் கார்பனேட்டில் 56 கிராம்தான் மிஞ்சும். ஃபர்னஸிலிருந்து முழுசாக நீங்கள் எடுத்தது சுட்ட சுண்ணாம்பு. இரவு முழுக்கக் காற்றிலிருந்த ஈரத்தை இழுத்துப் பொரிந்து நீற்றுச் சுண்ணாம்பாகிவிட்டது. கிளிஞ்சல் சூளையில் காலங்காலமாக நடப்பதும் இதேதான். 18, 34 டிகிரி பீக்குகள் கால்சியம் ஹைட்ராக்சைடுடையவை. பாஸ்பேட் எங்குமே சேர்க்கவில்லை என்றால் ஹைட்ராக்சிஅபடைட் எங்கிருந்து வரும்?

900 டிகிரி என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மாட்டெலும்பு, மீன் முள் போன்றவற்றைச் சுடுகிற ஆய்வுக் கட்டுரைகளில் அது அடிக்கடி வரும். எலும்பில் ஏற்கெனவே அபடைட் இருப்பதால், சுடும்போது கொழுப்பும் புரதமும் எரிந்துபோய் கனிமம் தங்கிவிடும். முட்டை ஓட்டையும் அதே வெப்பத்தில் சுடுவார்கள். ஆனால் அங்கே நோக்கம் பொடி எடுப்பது, பாஸ்பேட்டைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். கணவாய் ஓட்டுக்கு இரண்டுமே ஒத்துவராது.

பொடியை ஜெலட்டினில் கலக்கும் யோசனையைக் கைவிடுங்கள். ஒன்று, அதில் இருப்பது சுண்ணாம்பு. ஈரம் பட்டால் பிஹெச் 12-ஐத் தொடும், செல் எதுவும் பிழைக்காது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஹைட்ராக்சிஅபடைட் பொடிதான் வேண்டுமென்றால் டப்பாவிலேயே விலைக்குக் கிடைக்கிறது. கணவாய் ஓட்டைத் தேடிப் போவதே அதன் உள்கட்டமைப்புக்காகத்தான். அதை இடித்துப் பொடியாக்கிவிட்டால் கணவாய் என்று தலைப்பில் போடுவதற்கே நியாயமில்லை. புராஜெக்ட் அறிக்கைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு துண்டைக் குறுக்கே வெட்டி லென்ஸில் பாருங்கள். முதுகுப் பக்கம் கெட்டியான ஓடு, அது நமக்கு வேண்டாம், சீவி எறியுங்கள். உள்ளே நகத்தால் கீறினாலே விழுகிற மென்மையான பகுதியில் மெல்லிய தகடுகள் மாடி மேல் மாடியாக அடுக்கியிருக்கும். ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில நூறு மைக்ரான் இடைவெளி, அதைத் தாங்கி நெளிநெளியான தூண்கள். மொத்தக் கன அளவில் ஏறத்தாழ 90 சதவீதம் வெற்றிடம். தளத்தின் நெடுகே எல்லாம் ஒன்றோடொன்று திறந்திருக்கும், தளத்துக்குத் தளம் அடைப்புதான். செல்லும் ரத்தக் குழாயும் நுழைவது நெடுகே மட்டும். அதனால் எந்தத் திசையில் வெட்டினீர்கள் என்பதைக் குறித்துவைக்காமல் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். ஒரு மூலையைச் சாய்வாகச் சீவி அடையாளம் வைத்தால் போதும்.

இந்தக் கட்டமைப்பைக் கெடுக்காமல் வேதிப்பொருளை மட்டும் மாற்றும் வழி புதிதல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெல்லா ராய், லின்னஹான் என்பவருடன் சேர்ந்து 1974-இல் பவளத்தின் கார்பனேட்டை வெந்நீரும் அழுத்தமும் கொண்டு ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார். துளைகள் அப்படியே நின்றன. அதைத் தொடர்ந்து எலும்புக் குழிகளை நிரப்பும் பொருள்கள் சந்தைக்கும் வந்தன. போரைட்டஸ் பவளத்தில் துளை சுமார் 200 மைக்ரான், கோனியோபோராவில் சுமார் 500. நாம் பவளத்தைத் தொட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கல்பவளங்களை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. கரையில் ஒதுங்கிய துண்டாயிற்றே என்று எடுத்து வந்து சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஓட்டுக் கணவாயின் ஓடோ, கறிக்கு வெட்டும்போது கழித்துப் போடுவது.

இனி செய்முறை. சீவிய துண்டுகளைச் சிறு கட்டிகளாக அறுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சில நாள் ஊறவைத்துப் புரதத்தையும் கைட்டினையும் நீக்கி, வாசனை போகும்வரை அலசுங்கள். 350 டிகிரியில் வைத்து எரிப்பதும் உண்டு. கல்லூரி ஃபர்னஸ்களின் வெப்பக் காட்டியை நான் அவ்வளவு நம்புவதில்லை, ஆகவே ஊறவைப்பதே பத்திரம்.

அடுத்து அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். பத்து கால்சியத்துக்கு ஆறு பாஸ்பேட் என்பது ஹைட்ராக்சிஅபடைட்டின் விகிதம். 1 கிராம் ஓட்டுக்கு 0.69 கிராம் இந்தப் பாஸ்பேட் உப்பு, அதாவது 0.6 மோலார் கரைசலில் 10 மில்லி. அதில் துண்டைப் போட்டால் மிதக்கும். உயிரோடிருந்தபோது கணவாயைக் கடலில் மிதக்க வைத்ததே இந்தக் காற்றறைகள்தான். அப்படியே விட்டால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மாறாமல் நின்றுவிடும். டெசிக்கேட்டர் என்ற காற்றுப்புகாத கலனில் வைத்து வாக்குவம் கொடுங்கள், குமிழி விட்டு விட்டு மெல்ல மூழ்கும். மூழ்கிய பிறகே டெஃப்லான் உள்ளுறை கொண்ட ஆட்டோகிளேவுக்கு, அதாவது அழுத்தம் தாங்கும் மூடிய கலனுக்கு, மாற்ற வேண்டும். வெப்பம் 200 டிகிரி.

ஒரு எச்சரிக்கை. 200 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தமே சுமார் 15 வளிமண்டலம். வினையில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அதன் மேல் ஏறும். 50 மில்லி கலனில் 1 கிராமோடு நிறுத்துங்கள். பத்து கிராம் போட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசை வேண்டாம். முற்றிலும் ஆறிய பிறகு, ஃபியூம் ஹூடில் வைத்துத் திறக்க வேண்டும். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரி வேலைக்கானது, அதில் இதைச் செய்ய முயலக் கூடாது.

வடிவம் ஏன் உடையாமல் நிற்கிறது என்பதற்குக் கணக்கே சாட்சி. பத்து மோல் கார்பனேட்டின் எடை 1001 கிராம், அதிலிருந்து வரும் ஒரு மோல் ஹைட்ராக்சிஅபடைட் 1005 கிராம். அடர்த்தி 2.93-இலிருந்து 3.16 ஆகிறது. எடை கிட்டத்தட்ட அதே, கன அளவு லேசாகக் குறைகிறது. சுடும்போது நேர்ந்த 44 சதவீத இழப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

4, 12, 24 மணி நேரத்தில் தனித்தனியாக எடுத்து எக்ஸ்ஆர்டி பாருங்கள். 26.2 டிகிரியிலுள்ள அரகோனைட் பீக்கை நம்பாதீர்கள், ஹைட்ராக்சிஅபடைட்டின் 25.9 அதோடு ஒட்டிக்கொள்ளும். 27.2-இல் இருப்பது தனியாக நிற்கும், அது மறைகிறதா, 31.8 எழுகிறதா என்று கவனியுங்கள். உள்ளே கொஞ்சம் அரகோனைட் மிஞ்சினால் தோல்வி என்று எண்ண வேண்டாம். ஹைட்ராக்சிஅபடைட் உடலில் மிக மெதுவாகவே கரையும், கார்பனேட் சீக்கிரம் கரையும். பவளத்தில் மேற்பரப்பை மட்டும் சில மைக்ரான் ஆழத்துக்கு மாற்றிய வகையை, கரைய வேண்டும் என்பதற்காகவே தயாரித்திருக்கிறார்கள்.

துளை அளவுக்கு வருவோம். எலும்பு உள்ளே வளர 100 மைக்ரான் குறைந்தபட்சம் என்பது 1970-களிலிருந்து சொல்லப்படுவது. ரத்தக் குழாயும் வர வேண்டுமானால் 300-க்கு மேல் நல்லது என்பது பின்னாளைய பரிந்துரை. உங்கள் ஓட்டின் தள இடைவெளி இந்த எல்லைக்குள் வந்துவிடும். அதைவிட, ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வாயின் அளவைப் பாருங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் பெரிய குழியை அளந்து சராசரி போடுவது சுலபம். செல்லுக்கு வழி கொடுப்பது குறுகிய இடம்தான்.

வலிமை குறைவாகத்தான் இருக்கும். பஞ்செலும்பின் அமுக்க வலிமை தோராயமாக 2 முதல் 12 மெகாபாஸ்கல். 90 சதவீதம் வெற்றிடமுள்ள செராமிக் இதன் கீழ் எல்லையை எட்டினாலே பெரிது, அதுவும் நொறுங்குகிற ரகம். பல் பிடுங்கிய குழி, சிறு எலும்புக் கட்டியை நீக்கிய இடம் என்று பயன்பாட்டை எழுதுங்கள். தொடை எலும்பு என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வியே அதுதான். ஜெலட்டினுக்கு வேலை இங்கேதான். 2 சதவீதக் கரைசலை வாக்குவத்தில் ஏற்றி மெல்லிய பூச்சாக்கினால் நொறுங்கும் தன்மை குறையும். ஜெலட்டின் இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று கோக்கும் குறுக்குப்பிணைப்பு செய்யாவிட்டால், உடல் வெப்பமான 37 டிகிரியில் கரைந்து போய்விடும். அதற்கு ஜெனிபின் நல்லது, துண்டு நீலமாக மாறினால் பயப்படாதீர்கள். குளூட்டரால்டிஹைடு மலிவுதான், ஆனால் மிச்சம் தங்கினால் செல்லுக்கு நஞ்சு.

கடைச் சரக்கு பழகிப் பார்க்கப் போதும். எந்த இனம், எந்தக் கடல், எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அறிக்கைக்கான மாதிரிகளை மீன் இறங்குதளத்தில் புதிதாக, ஒரே இனமாக வாங்குங்கள். கணவாய் வகைகள் காட்மியத்தைச் சேர்த்து வைப்பவை. முக்கியமாகச் செரிமானச் சுரப்பியில்தான், இருந்தாலும் ஓட்டையும் துளியளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் பார்த்துவிட வேண்டும். மருத்துவ ஹைட்ராக்சிஅபடைட்டுக்கு வழக்கமான வரம்பு ஈயம் 30, காட்மியம் 5, பாதரசம் 5, ஆர்செனிக் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு).

செல் சோதனையில், மருத்துவப் பொருள்களின் செல் நச்சுத்தன்மைக்கான ஐஎஸ்ஓ 10993-5 தரநிலைப்படி செல்களின் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று கொள்வார்கள். எம்ஜி-63 செல் பெருகியது என்பதை எலும்பு உருவானது என்று எழுதிவிடாதீர்கள், அது புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல், பெருகத்தான் செய்யும். கனிமம் படிந்ததைக் காட்ட அலிசரின் சிவப்புச் சாயம் போடுவீர்கள். உங்கள் சாரக்கட்டே கால்சியம், செல் இல்லாவிட்டாலும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். செல் போடாத துண்டு ஒன்றை அதே நாள்கள் அதே ஊடகத்தில் வைத்து, அதன் சிவப்பைக் கழித்த பிறகு வருவதை மட்டும் அட்டவணையில் சேருங்கள்.