மகளின் முதல் காருக்கு இன்சூரன்ஸிலிருந்து ஆரம்பியுங்கள்

வணக்கம் தம்பி. இங்கிலாந்தில் ரெடிங் வந்து எட்டு மாதம் ஆகிறது, மகளுக்கு அடுத்த மாதம் 17 முடிகிறது, 4,000 பவுண்டுக்குள் பழைய சின்ன கார் எது நல்லது, ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு நானே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டப் பழக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. பழக்க முடியாது.

புரொவிஷனல், அதாவது பழகுநர் லைசென்ஸில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருபவர் 21 வயதைக் கடந்தவராக இருக்கவேண்டும். இந்த நாட்டு லைசென்ஸோ ஐரோப்பிய ஒன்றிய லைசென்ஸோ எடுத்து 3 வருடம் ஆகியிருக்கவேண்டும். கோயம்புத்தூரில் இருபது வருடம் ஓட்டியது இந்தக் கணக்கில் சேராது. உங்கள் இந்திய லைசென்ஸே இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். டெஸ்ட் இல்லாமல் மாற்றித்தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா கிடையாது. ஆகவே உங்களுக்கும் ஒரு புரொவிஷனல் போட்டு, அப்பாவும் மகளும் சேர்ந்தே தியரிக்குப் படிக்கலாம். பிராக்டிகல் டெஸ்டுக்குத் தேதி கிடைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகிறது, தள்ளிப்போடாதீர்கள்.

கூடவே இன்னொன்று. உங்கள் வீட்டில் யாரும் பக்கத்தில் உட்கார முடியாது என்றால் இப்போதே கார் வாங்கி என்ன செய்வது? வாசலில் நிற்கும். குளிர்காலத்தில் பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும், மாதாமாதம் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இன்ஸ்ட்ரக்டரின் காரிலேயே அவள் பழகட்டும். டெஸ்ட் தேதி நெருங்கும்போது கார் தேடினால் போதும். இந்த ஊர் லைசென்ஸ் உள்ள நண்பர் யாராவது சனி ஞாயிறில் கூட வருவார் என்றால் சரி, அப்போது முன்னாடியே வாங்கலாம்.

காரின் விலையைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள், இன்சூரன்ஸை மறந்துவிடுகிறார்கள். 17 வயதுக்காரருக்கு ஒரு வருடப் பிரீமியம் பல நேரம் கார் விலையைத் தொட்டுவிட்டு வரும். இங்கே கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எண் சின்னதாக இருந்தால் பிரீமியமும் குறைவு. உங்களுக்குத் தேவை 1, 2, மிஞ்சினால் 5. அதனால் விளம்பரத்தில் ஒரு வண்டி பிடித்திருந்தால், போய்ப் பார்ப்பதற்கு முன்னால் அதன் நம்பரைப் போட்டு ஒப்பீட்டுத் தளங்களில் கொட்டேஷன் எடுத்துவிடுங்கள். ஒரே மாடலில் 1.0 இன்ஜினுக்கும் 1.2 இன்ஜினுக்கும் நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வரலாம். ஓட்டும் விதத்தைப் பதிவுசெய்து கம்பெனிக்கு அனுப்பும் பிளாக் பாக்ஸ் வைத்தால் குறையுமா என்றும் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

'பாலிசியை அப்பா பேரில் போட்டுவிட்டு மகளைக் கூடுதல் டிரைவராகச் சேர்த்துவிடு, பாதிதான் ஆகும்' என்று கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நிறைய பேர் யோசனை சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்துவிடாதீர்கள். தினமும் ஓட்டுவது அவள், பேர் உங்களுடையது என்றால் அது ஃபிரன்டிங், மோசடி. விபத்து என்று வரும்போது கம்பெனி பாலிசியையே செல்லாததாக்கிவிடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகிவிட்டால் லைசென்ஸில் 6 பாயின்ட் (குற்றப் புள்ளி), 300 பவுண்டு அபராதம். டெஸ்ட் பாஸ் ஆன முதல் 2 வருடத்தில் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும், மறுபடி புரொவிஷனலில் இருந்து ஆரம்பிக்கவேண்டும். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தாலும் அதே 6 பாயின்ட்தான், இதை மகளுக்கும் சொல்லிவையுங்கள். அவள் பேரில் பாலிசி எடுத்து, இங்கே பல வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கும் சித்தப்பாவோ மாமாவோ நிஜமாகவே எப்போதாவது ஓட்டுவார் என்றால் அவரைக் கூடச் சேர்ப்பதில் தப்பே இல்லை, பல சமயம் பிரீமியம் குறையும்.

இனி எந்தக் கார். என் ஓட்டு ஹூண்டாய் ஐ10-க்கு, 2014 முதல் வந்த இரண்டாம் தலைமுறை, 1.0 பெட்ரோல். இன்ஜினுக்குள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, அதற்குப் பதில் செயின், அந்த வகையில் ஒரு பெரிய செலவு மிச்சம். ஐந்து பேர் உட்காரலாம். டொயோட்டா அய்கோ, பெஜோ 107, 108, சிட்ரோன் சி1 இவை எல்லாம் செக் நாட்டில் கோலின் என்ற ஊரில் ஒரே ஆலையில் செய்தவை, முகப்பு மட்டும்தான் வேறு. 1.0 இன்ஜின் டொயோட்டாவுடையது, உழைக்கும். ஆனால் நாலு பேர்தான் உட்காரலாம். ஃபோக்ஸ்வாகன் அப் (Up) என்ற காரும் நாலு பேர் வண்டிதான். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்து நிற்கும்போது அந்த ஐந்தாவது பெல்ட்டின் அருமை தெரியும். அப் ஓட்டுவதற்கு இவற்றையெல்லாம்விட நன்றாக இருக்கும், ஆனால் டைமிங் பெல்ட் உண்டு. கியா பிகான்டோ ஐ10-க்கு உறவுக்காரன், மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஃபோர்ட் ஃபியஸ்டா தெருவுக்குத் தெரு நிற்கும். பழைய 1.25 இன்ஜின் பரவாயில்லை. 1.0 ஈகோபூஸ்ட் இன்ஜின் என்றால் எனக்குத் தயக்கம். அதில் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் போகும் வழியை அடைத்துவிடும். சர்வீஸ் ரசீது முழுசாக இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பெஜோ 208-இன் 1.2 பியூர்டெக் இன்ஜினும் இதே சாதிதான்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று மகள் கேட்பாள். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் எடுத்தால் லைசென்ஸும் அதற்கு மட்டும்தான், மேனுவலைத் தொட முடியாது. போதாததற்கு, அய்கோவிலும் அப்பிலும் இருப்பது சாதாரண கியர்பாக்ஸை மோட்டார் மாற்றிவிடும் வகை, ஒவ்வொரு கியருக்கும் தலையாட்ட வைக்கும். மேனுவலே கற்றுக்கொள்ளட்டும்.

லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குக் கடைக்கும் கோயிலுக்கும் போவீர்கள் அல்லவா? 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதியும் யூலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு எல்லைக்குள். தகுதியில்லாத வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்டு. 2006-க்குப் பிந்தைய பெட்ரோல் கார் பெரும்பாலும் தப்பிவிடும், டீசல் பக்கமே போகவேண்டாம். சாலை வரியில் ஒரு வேடிக்கை உண்டு: 2017 ஏப்ரலுக்கு முன் பதிவான சின்னப் பெட்ரோல் கார், கார்பன் அளவு கிலோமீட்டருக்கு 110 கிராமுக்குள் என்றால், 2025-26-இல் வருடத்துக்கு 20 பவுண்டு. அதே கார் அந்த ஏப்ரலுக்குப் பின் பதிவாகியிருந்தால் 195. உங்கள் பட்ஜெட்டுக்கு 2014 முதல் 2017 தொடக்கம் வரை பதிவான வண்டியே பொருத்தம். ஐரோப்பாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2014 நவம்பரில் இஎஸ்சி என்ற சறுக்கல் தடுப்பு வசதி கட்டாயமானது, ஈரச் சாலையில் வண்டி சறுக்கும்போது அது தானாகப் பிடிக்கும். அதற்கு முந்தைய வண்டி என்றால் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் எம்ஓடி, அதாவது வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திரச் சோதனை. காரின் நம்பரை அரசுத் தளத்தில் போட்டால் அதன் முழு ஜாதகமும் இலவசமாக வரும்: எந்த வருடம் எத்தனை மைல், எதில் ஃபெயில், எதற்கு எச்சரிக்கை. நான் மைலைவிட எச்சரிக்கைகளைத்தான் படிப்பேன். டயர் தேய்ந்தது என்றால் சின்ன விஷயம். 'பிரேக் பைப்பில் துரு' என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருந்தால், வைத்திருந்தவர் எதையும் கவனிக்காதவர் என்று அர்த்தம். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புப் போடுகிறார்கள், துரு கீழேயிருந்துதான் ஏறும். தனியார் தளங்களில் சில பவுண்டு கொடுத்தால் வண்டி மேல் இருக்கும் கடன் பாக்கியும், விபத்தில் அடிபட்டு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்ட வண்டியா (கேட் எஸ், கேட் என் என்று குறிப்பார்கள்) என்பதும் தெரிந்துவிடும்.

பார்க்கப் போகும்போது பகலில் போங்கள், மழை விட்ட மறுநாள் என்றால் இன்னும் நல்லது. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இருக்கலாம். டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழிக்குள் கையை விடுங்கள். அய்கோ, சி1 வகையில் பின் விளக்கு ஓரமாகத் தண்ணீர் இறங்கி அங்கே தேங்கும், கை ஈரமாகும், ஒரு முக்கல் வாடையும் வரும். நாலு டயரும் நாலு கம்பெனியாக இருந்தால் மலிவு பார்த்தே காலம் தள்ளியவர். கிளட்ச் கடைசி அங்குலத்தில்தான் பிடிக்கிறது என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

டீலரிடம் கொஞ்சம் கூட ஆகும். ஆனால் வண்டி வாங்கும்போதே கோளாறு இருந்தது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தனியாரிடம் அந்த வசதி இல்லை. அங்கே லாக் புக்கில் (வண்டியின் பதிவுச் சான்றில்) இருக்கும் முகவரியும் நீங்கள் நிற்கும் வாசலும் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

வாங்குகிற அன்று ஒன்றை மறக்காதீர்கள். பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி உங்களுக்கு வராது, 2014 அக்டோபரோடு அது நின்றுவிட்டது. லாக் புக்கிலிருந்து கிழித்துத் தரும் பச்சைச் சீட்டில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதை வைத்து அவர் வாசலிலேயே நின்று போனில் வரியைக் கட்டுங்கள். இன்சூரன்ஸ் அதற்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். வண்டியை ரெடிங்குக்கு யார் ஓட்டிவருவது என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள், அந்த ஆளின் பேரும் பாலிசியில் இருக்கவேண்டும்.