லென்ஸ் வெட்டும்போது ஏன் கெட்டுப்போகிறது?

கேள்வி: கண்ணாடிப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பவர் சீட்டு படிக்கத் தெரியும், கணக்கும் வரும். ஆனால் லென்ஸை வெட்டிப் பிரேமில் போட்டால் ஒன்று தளர்கிறது, ஒன்று விளிம்பில் சிதறுகிறது, சிலதில் ஆக்ஸிஸ் (சிலிண்டர் பவர் நிற்கும் கோணம்) மாறிவிடுகிறது. ஆட்டோ மெஷின், கையால் தேய்க்கும் கல் இரண்டும் இங்கே உண்டு. எதில் முதலில் கை பழக வேண்டும்?

பதில்: இரண்டிலும் இல்லை. முதலில் பழக வேண்டியது லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டர். பட்டறையில் வீணாகும் லென்ஸ்களில் பாதிக்கு மேல் மெஷினில் ஏறும் முன்பே கெட்டுப்போனவை என்பது என் கணிப்பு. வெட்டி முடித்த பிறகுதான் அது நம் கண்ணில் படுகிறது, அவ்வளவே.

லென்ஸோமீட்டர் முன் உட்கார்ந்ததும் கண் வைக்கும் குழாயை உங்கள் பார்வைக்கேற்பத் திருகிச் சரிசெய்யுங்கள். உங்களுக்கு முன் உட்கார்ந்தவரின் அளவில் அதை விட்டுவிட்டால் எடுக்கிற பவர் எல்லாமே தப்பு. கழித்துப் போட்ட லென்ஸ் இருபதை எடுத்து, ஸ்ஃபியர் (எல்லாத் திசையிலும் ஒரே அளவான பவர்), சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்), ஆக்ஸிஸ் அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் அந்தத் தாளைப் பார்க்காமல் திரும்ப அளங்கள். பவர் 0.12-க்கு மேலோ, ஆக்ஸிஸ் 2 டிகிரிக்கு மேலோ விலகினால் இன்னும் பழக வேண்டும் என்று அர்த்தம். (0.25 சிலிண்டரில் ஆக்ஸிஸ் கொஞ்சம் அலைபாயும், அதற்குக் கலங்க வேண்டாம்.) −2.00 சிலிண்டர் 10 டிகிரி திரும்பிப் போனால், அணிபவர் கண்ணில் ஏறக்குறைய 0.70 சிலிண்டர் திருத்தப்படாமல் நிற்கும். அவர் "தலை சுத்துது" என்று திரும்பி வருவார்.

அடுத்தது மையம். 52-18 (லென்ஸ் அகலம் 52, நடுவே மூக்கு இடைவெளி 18) என்று எழுதியிருக்கும் பிரேமின் இரு பக்க நடுவுக்கும் இடைத்தூரம் 70 மி.மீ. அணிபவரின் பி.டி. (இரு கண்மணிகளுக்கும் இடைத்தூரம்) 62 என்றால் ஒவ்வொரு லென்ஸின் மையமும் மூக்குப் பக்கமாக 4 மி.மீ. நகர வேண்டும். நகர்த்தாமல் நடுவிலேயே வெட்டிவிட்டால்? −6.00 லென்ஸில் 0.4 செ.மீ. பெருக்கல் 6, அதாவது ஒரு கண்ணுக்கு 2.4 பிரிசம் (ஒளியைப் பக்கவாட்டில் வளைக்கும் அளவு). இரு கண்ணுக்கும் 4.8. கண்கள் வெளிப்பக்கமாக விலகித்தான் பார்க்க வேண்டியிருக்கும், அது யாராலும் நெடுநேரம் முடியாது. பவர் சரியாக இருந்தும் "பழைய கண்ணாடியே தேவலை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இனி வெட்டுதல். ஆக்ஸிஸ் மாறுகிறது என்றீர்களே, தண்ணீர் ஒட்டாத பூச்சுள்ள லென்ஸ்களாக இருக்கலாம். அவற்றில் பிளாக் (மெஷின் லென்ஸைப் பிடிக்க அதன் மேல் ஒட்டும் துண்டு) வழுக்கும். வழுக்காமலிருக்க ஒட்டும் மெல்லிய படலத்தை முதலில் ஒட்டுங்கள், மெஷினின் அழுத்தத்தையும் குறையுங்கள். பிளாக்கின் ஓரத்திலிருந்து லென்ஸ் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு வெட்டுங்கள். முடிந்ததும் கோடு விலகியிருந்தால் திருடன் யார் என்று தெரிந்துவிடும்.

தளர்வதும் சிதறுவதும் ஒரே தவறின், அதாவது அளவு பிசகியதன், இரு முகங்கள். முதல் சுற்றில் 0.2 அல்லது 0.3 மி.மீ. பெரிதாகவே வெட்டுங்கள், பிரேமில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இறுக்கமான லென்ஸைத் திருகால் நெரித்து அடக்கினால் ஓரம் சிதறும். சிதறாவிட்டாலும் உள்ளே அழுத்தம் நிற்கும். அதைப் பார்க்க ஒரு வழி: எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, போலரைஸ்டு கண்ணாடியைத் திரை இருளும் வரை திருப்புங்கள். திரைக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் நீங்கள் லென்ஸ் போட்ட பிரேமைப் பிடியுங்கள். ஓரத்தில் ஒளிக்கீற்றுகள் நெருக்கமாகத் தெரிந்தால் அளவு பெரிது. சிஆர்-39 என்ற சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்கு இது நல்ல சோதனை. எளிதில் உடையாத பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டில் வார்க்கும்போதே அழுத்தம் தங்கிவிடுவதால் எப்போதும் கொஞ்சம் நிறம் தெரியும், ஏமாறாதீர்கள். பாலிகார்பனேட்டுக்கு மெஷினில் தனி முறை உண்டு, அதை மாற்றாமல் வெட்டினால் ஓரம் உருகிப் பிசிறடிக்கும். அசிட்டோன் அதன் பக்கமே போகக் கூடாது.

முகத்தில் பொருத்துவதைப் பலர் கடைசி வேலை என்று நினைக்கிறார்கள். மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸுக்கு அதுதான் முதல் வேலை. மூக்குத் தாங்கியையும் காதுக்கம்பியையும் சரிசெய்து பிரேம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே, எதிரே அதே மட்டத்தில் அமர்ந்து கண்மணியின் உயரத்தைக் குறியுங்கள். முன்பே குறித்துவிட்டுப் பிறகு தாங்கியை வளைத்தால் அந்த உயரம் செல்லாது.

வளைப்பதற்கு ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். ஒரு பக்க லென்ஸ் முகத்தை ஒட்டினால் அதே பக்கக் கம்பியை உள்ளே, விலகி நின்றால் வெளியே, மேலே தூக்கி நின்றால் கம்பியையும் மேலே. கடைசியது தலைகீழாகத் தோன்றும். காது நகராது, அதனால் கம்பியை ஏற்றினால் முன்பக்கம்தான் இறங்கும். அசிடேட் என்ற பிளாஸ்டிக் பிரேமைச் சூடாக்கும்போது முடிந்தால் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு அதன் மேல் பூச்சு விரியாது, நுண்ணிய வெடிப்பு விழுந்துவிடும்.

மெஷின் விஷயம்: கழித்த லென்ஸ்களைக் கையால் கல்லில் ஒரு மாதமாவது தேயுங்கள், கண்பாதுகாப்போடு. ஓரத்து வரம்பு (பிரேமின் பள்ளத்தில் பொருந்தும் மேடு) எங்கே உட்கார வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்தபின் ஆட்டோ மெஷினுக்குப் போனால், அது தப்பு செய்யும்போது உங்களால் கண்டுபிடிக்க முடியும்.