ஓய்வு பெற்ற சக்கரத்துக்கு வீட்டுக்குள் வேலை

கேள்வி: பிரேக் கட்டை உரசி உரசி, பின்சக்கரத்து ரிம் இரண்டு பக்கமும் குழிந்துவிட்டது. ரோட்டுக்குப் புதுச் சக்கரம் வாங்கிவிட்டேன். பழையதை டிரெய்னரில் (சைக்கிளின் பின்சக்கரத்தை ஓர் உருளைமேல் அழுத்தி, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கி) மாட்டலாமா? அங்கே பிரேக்கே பிடிக்கப் போவதில்லையே?

பதில்: பாதி சரியாக யோசித்திருக்கிறீர்கள். பிரேக் பிடிக்காவிட்டால் ரிம் மேற்கொண்டு தேயாதுதான். ஆனால் பிரேக் கட்டை உரசும் அந்த ரிம் சுவர் பிரேக்குக்காக மட்டும் இல்லையே. 100 பிஎஸ்ஐ காற்றடித்த டயரை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துவதும் அதுதான். சைக்கிள் சும்மா நின்றாலும் டயர் ஓரம் அதை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். மெலிந்த சுவர் என்றைக்காவது நீளவாக்கில் பிளக்கும். மூடிய அறையில் அந்தச் சத்தம் வெடி போட்ட மாதிரி இருக்கும்.

அதனால் முதலில் தேய்மான அடையாளத்தைப் பாருங்கள். பல ரிம்களில் அது ஒரு சின்னக் குழி அல்லது கோடு; அழிந்துபோயிருந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. சிலவற்றில் நேர்மாறு, தேய்ந்த பிறகுதான் ஒரு துளை எட்டிப் பார்க்கும். அடையாளமே இல்லையென்றால் ஒரு வழி உண்டு. காற்று இல்லாமல் ஒரு முறையும், காற்றடித்த பின் ஒரு முறையும் காலிப்பர் வைத்து ரிம்மின் அகலத்தைச் சுற்றிலும் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வீங்கியிருந்தால் யோசிக்காமல் எடைக்குப் போட்டுவிடுங்கள். போக்ஸ் கம்பி இறங்கும் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அப்படியே. குழிவு லேசாக இருந்து, இதெல்லாம் சரியாகவும் இருந்தால் தாராளமாக மாட்டுங்கள்.

கேள்வி: நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர் போதுமா? டிரெய்னர் டயர் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: போதும். தட்டையான டயர் உருளைமேல் நன்றாகவே படிந்து உட்காரும். உள்நூல் வெளியே தெரிந்தாலோ, பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தாலோ மட்டும் வேண்டாம். மாட்டுவதற்கு முன் கண்ணாடித் துகள், பொடிக்கல் எல்லாவற்றையும் நோண்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உருளையில் கீறல் விழும். டிரெய்னருக்கென்றே வரும் டயர் கெட்டி ரப்பர், சூட்டைத் தாங்கும். அதோடு ரோட்டில் இறங்கிவிடாதீர்கள், ஈரத்தில் வழுக்கிவிடும். பட்டன் டயர் போட்டால் வீடே அதிரும்.

கேள்வி: சக்கரத்தில் பெண்டு இருக்கிறது. எடுக்காமலே ஓட்டலாமா?

பதில்: எந்தப் பக்கம் பெண்டு என்பதைப் பொறுத்தது. இடவலமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆடினால் அங்கே உரச பிரேக் கட்டை இல்லை, விட்டுவிடலாம். மேலும் கீழுமாக எகிறினால் ஒவ்வொரு சுற்றுக்கும் உருளையில் 'தட் தட்' என்று அடிக்கும், டிரெய்னர் காட்டும் பவர் கணக்கும் (எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறீர்கள் என்பது) துள்ளும். அதை எடுத்தே ஆக வேண்டும். கையோடு ரிம்மைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் லொடலொட என்றால் பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் கோன் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது. பழைய சக்கரங்களில் எல்லாரும் ரிம்மைப் பார்ப்பார்கள், ஹப்பை மறந்துவிடுவார்கள்.

கேள்வி: பழைய சக்கரம் 9 ஸ்பீடு, சைக்கிள் 11 ஸ்பீடு. ஒத்துப்போகுமா?

பதில்: பின்சக்கரத்தில் பல்சக்கரங்களை அடுக்கிய தொகுப்புதான் கேசட்; ஸ்பீடு என்பது அதிலுள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை. 9-க்கும் 11-க்கும் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் உள்ள இடைவெளியே வேறு, அந்த கேசட்டோடு கியர் ஒழுங்காக விழாது. உங்கள் 11 ஸ்பீடு கேசட்டை இதில் மாற்றிப் போடலாமே என்றால், ஷிமானோ நிறுவனத்தின் 11 ஸ்பீடு ரோடு கேசட்டுக்கு ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட் ஏறும் பகுதி) 1.85 மி.மீ. கூடுதல் அகலமாக இருக்க வேண்டும். பழைய ஹப்பில் அந்த இடம் இருக்காது. 11-34 பல் கேசட் மட்டும் விதிவிலக்கு, அது பழைய ஃப்ரீஹப்பிலும் ஏறும்.

கேள்வி: டிஸ்க் தட்டு இல்லாத பழைய சக்கரத்தை டிஸ்க் பிரேக் சைக்கிளில் மாட்டியிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: ஓடும். பிரேக் லீவரை மட்டும் மறந்தும் பிடிக்காதீர்கள். ஹைட்ராலிக் என்றால் பிஸ்டன் வெளியே வந்து, பிரேக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவைப்பது நல்லது.

கேள்வி: ஒரே வேகத்தில்தான் மிதிக்கிறேன். பவர் மட்டும் தினமும் வேறு வேறாகக் காட்டுகிறது. சக்கரம் பழசு என்பதாலா?

பதில்: பெரும்பாலும் காற்றுதான் காரணம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றடித்து, உருளையையும் ஒரே அளவுக்கு இறுக்குங்கள். பத்து நிமிடம் மிதித்து டயர் சூடான பிறகு கேலிபரேஷன் (டிரெய்னரின் பவர் கணக்கைச் சரிப்படுத்துவது) செய்யுங்கள். குளிர்ந்த டயரில் செய்த கணக்கு பாதி வழியிலேயே மாறிவிடும்.