நீலகிரியில் மங்குஸ்தான் வளருமா?

ஊட்டியில் வீட்டுத் தோட்டத்தில் மங்குஸ்தான் நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், உறைபனியை இந்த வெப்பமண்டலப் பசுமைமாறா மரம் தாங்காது. ஆனால் அதே மாவட்டத்தில், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையிலுள்ள பர்லியாற்றில், வெப்பமும் ஈரமும் சேர்ந்திருப்பதால், அரசு தோட்டக்கலைப் பண்ணையிலேயே இது காய்க்கிறது.

விதை உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும் என்பதால் பழத்திலிருந்து எடுத்தவுடன் ஊன்றிவிட வேண்டும். கருவுறாமலேயே விதை உருவாவதால் கன்று தாய்மரத்தையே ஒத்திருக்கும். முதல் சில ஆண்டுகள் நிழலும், நீர் தேங்காத, ஆனால் ஈரம் குறையாத மண்ணும் தேவை. விதைக்கன்று காய்க்க 7 முதல் 10 ஆண்டுகளாவது ஆகும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற மரமன்று. பழத்தின் அடியிலுள்ள பூப்போன்ற தழும்பின் இதழ்களை எண்ணினால், உள்ளே எத்தனை சுளை என்பது தெரிந்துவிடும். துவர்ப்பான தோல் சாயத்துக்கும், தென்கிழக்காசிய நாட்டு மருத்துவத்தில் வயிற்றுப்போக்குக்கும் பயன்படுகிறது.