மாணவத் தலைவி எங்கே உருவாகிறாள்?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்கிறாள். பள்ளி மாணவர் மன்றத் தலைவியாக அண்மையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அவளைச் சாரணர் இயக்கம், பேச்சுப் பயிற்சி, நாடகம், கூடைப்பந்து, பள்ளி இதழ் என எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டோம். பதினொரு சான்றிதழ்கள் வைத்திருக்கிறாள். தேர்வு ஆண்டு என்பதால் எல்லாவற்றையும் நிறுத்திவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். மன்றப் பொறுப்பிலிருந்து அவளை விடுவிக்கும்படி பள்ளி முதல்வருக்குக் கடிதம் எழுத எண்ணியிருக்கிறேன். பாடத்துக்கு வெளியே இவ்வளவு செய்தது அவளைத் தலைவியாக்கியதா, அல்லது எல்லாம் வீண்தானா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். பயிற்சியாளர்களைப் பற்றியும் பரிசளிப்பு விழாக்களைப் பற்றியும் அதில் நிறையச் செய்திகள் இருந்தன. இத்தனை ஆண்டுகளில் உங்கள் மகள் தானாக எடுத்த முடிவு ஏதேனும் ஒன்று இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. எதில் சேர்வது, எதில் நீடிப்பது, எப்போது நிறுத்துவது என ஒவ்வொன்றையும் பெரியவர்களே தீர்மானித்திருக்கிறீர்கள். உங்கள் ஏற்பாடு இல்லாமல் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: உடன் படிப்பவர்கள் வாக்களித்து அவளைத் தலைவியாக்கியது. அதைத்தான் இப்போது ஒரு கடிதத்தால் இல்லாமல் செய்யப் பார்க்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்குச் சான்றிதழ்களை எண்ணிப் பதில் சொல்ல இயலாது. ஜாக்குலின் எக்கிள்ஸ், போனி பார்பர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மிச்சிகன் மாநிலத்து மாணவர்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய செயல்பாடுகளை விளையாட்டு, கலை, மாணவர் மன்றம் போன்ற பள்ளிப் பணிகள், பாடம் சார்ந்த மன்றங்கள், தொண்டு என ஐந்தாகப் பிரித்துப் பார்த்தார்கள். விளையாட்டு அணிகளில் இருந்தவர்கள் கல்வியில் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஆனால் மதுப் பழக்கமும் அவர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டது. தொண்டுப் பணியில் இருந்தவர்களிடம் அப்படிப்பட்ட பழக்கங்கள் குறைவாக இருந்தன. ஆக, எதில் ஈடுபடுகிறோம், யாரோடு பழகுகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. ஏற்கெனவே துடிப்பும் வீட்டு வசதியும் உள்ள பிள்ளைகளே இவற்றில் அதிகம் சேர்வதால், பிற்காலத்து வெற்றிகள் எல்லாவற்றையும் இந்தச் செயல்பாடுகளின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது.

பிறகு எதுதான் ஒரு மாணவரைத் தலைவராக வளர்க்கிறது? பெரியவர்கள் உண்மையாகவே கைமாற்றிக் கொடுத்த ஒரு பொறுப்பு, அது தோற்றுப் போகக்கூடும் என்ற நிலை, தோற்றால் பதில் சொல்ல வேண்டிய சிறு கூட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அது நடக்கிறது என்பது என் கருத்து. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சோதனை முகாமில், வசதியான பள்ளிகளின் மாணவர்களையும் உழைக்கும் குடும்பத்துச் சிறுவர்களையும் ஒன்றாகக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் சிறுவன் ஒருவனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கத்தின் உயிர்நாடியே இந்த ஏற்பாடுதான். ஐந்தாறு பேர் கொண்ட அணியில் தலைவன் எங்கும் ஒளிந்துகொள்ள முடியாது. கூடாரம் சரியாகக் கட்டப்படவில்லையென்றால் அன்றிரவே எல்லோரும் நனைவார்கள், யார் கவனிக்கத் தவறினார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்று பல இடங்களில் முடிச்சுப் போடும் பயிற்சி மட்டும் எஞ்சியிருக்கிறது, முடிவெடுக்கும் உரிமை ஆசிரியரிடமே திரும்பிவிட்டது. அத்தகைய முகாமில் வாங்கிய சான்றிதழ் வருகைப் பதிவேட்டுக்கு மேல் ஒன்றுமில்லை.

உங்கள் மகள் ஈடுபட்ட மற்றவற்றுக்கும் இதே அளவுகோலைப் பொருத்திப் பாருங்கள். எழுதிக் கொடுத்த உரையை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர் குரல் வளத்தைப் பெற்றிருப்பார். விவாதப் போட்டியில் தனக்கு உடன்பாடில்லாத தரப்பு குலுக்கலில் வந்து, அந்தத் தரப்பின் வலுவான வாதங்களைத் தானே தேடித் தொகுத்தவரோ, எதிரில் நிற்பவரை முட்டாள் என்று எண்ணாமலிருக்கப் பழகியிருப்பார். நாடகத்தில் முதன்மை வேடம் ஏற்றவரைக் காட்டிலும், ஒத்திகைக்கு எல்லோரையும் நேரத்துக்கு வரவழைத்து, திரைக்குப் பின்னால் நின்று காட்சிகளை ஒழுங்கு செய்தவரே தலைமையைப் பற்றி அதிகம் அறிந்திருப்பார். பள்ளி இதழைப் பொறுத்தவரை சற்று ஒருதலைப்பட்சமாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: நெருங்கிய தோழி எழுதிய சுமாரான கவிதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாளும் அதே வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு இணையான தலைமைப் பயிற்சியை நான் அறியேன். கூடைப்பந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. ஆட்டத்தில் இறக்கப்படாமல் பக்கவாட்டில் அமர்ந்திருந்த நாள்களில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டுப் பாருங்கள்.

பதவி ஒருவரை வளர்ப்பதைக் காட்டிலும், பதவியைப் பயன்படுத்துவதில் வரும் இக்கட்டே வளர்க்கிறது. நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்காவின் ஹீல்ட்டவுன் விடுதிப் பள்ளியில் மாணவர் கண்காணிப்பாளராக இருந்தபோது நடந்த ஒரு சிறிய நிகழ்ச்சியைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மழை இரவுகளில் தொலைவிலுள்ள கழிப்பிடத்துக்கு நடக்கச் சோம்பி, தாழ்வாரத்திலிருந்தே சிறுநீர் கழிக்கும் மாணவர்களின் பெயர்களைக் குறித்துக் கொடுப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. ஒரு மழை இரவில் ஏறத்தாழ பதினைந்து பேரின் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தவர், அதே தவற்றைச் செய்த இன்னொருவரையும் கண்டார். அவரோ மண்டேலாவைப் போலவே ஒரு கண்காணிப்பாளர். விதிப்படி அவர்மீது புகார் செய்ய வழியில்லை. அவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை என்று எண்ணி, பட்டியலையே கிழித்துப் போட்டுவிட்டார். அவர் செய்தது சரிதானா என்று இன்றும் வாதிடலாம். கடமை தவறினார் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். ஆனால் விதிக்கும் நியாயத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஓர் இளைஞர் தனியாக நின்று பார்த்த அந்த இரவுக்கு எந்தப் பள்ளியும் சான்றிதழ் தருவதில்லை.

அவரே 1940இல் ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் இன்னொரு முடிவெடுத்தார். உணவின் தரத்தையும் மாணவர் பேரவையின் அதிகாரக் குறைவையும் எதிர்த்துப் பெரும்பாலான மாணவர்கள் பேரவைத் தேர்தலைப் புறக்கணிக்க, சிறுபான்மையினரின் வாக்குகளால் தேர்வான ஆறு பேரில் அவரும் ஒருவர். ஆறு பேரும் விலகினார்கள். தேர்தல் மீண்டும் நடந்தது. அதே சிறுபான்மையினர் வாக்களித்து அதே ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற ஐவரும் இம்முறை பதவியை ஏற்றுக்கொள்ள, பெரும்பான்மையினரின் ஆதரவு தமக்கு இல்லை என்று கூறி மண்டேலா மட்டும் மீண்டும் விலகினார். அதன் விலையாக அக்கல்லூரிப் படிப்பை இழந்தார். பின்னர் அஞ்சல்வழியில் படித்தே பட்டம் பெற்றார். அவர் செய்ததை உங்கள் மகளும் செய்ய வேண்டும் என்று சொல்லவரவில்லை. பொறுப்பிலிருந்து விலகுவதும் தலைமைச் செயலாக இருக்கக்கூடும், ஆனால் விலகுபவர் அதற்கான காரணத்தைத் தம் வாயால் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பெரியவர்களின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடநெருக்கடி மிகுந்து, தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் அதைப் பற்றித் தம் இசை ஆசிரியையிடம் குறைப்பட்டுக்கொண்டபோது, நீயே ஏதாவது செய்யலாமே என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்குமேல் திட்டம் எதையும் அவர் வகுத்துக் கொடுக்கவில்லை. நம்பகமான சில மாணவர்களை மறைவாகத் திரட்டி, 1951 ஏப்ரல் 23 அன்று பள்ளி முதல்வரை வெளியே செல்லச் செய்து, அரங்கத்தில் மாணவர்களைக் கூட்டி, ஆசிரியர்களை வெளியேறச் சொல்லி, வேலைநிறுத்தத்தை அறிவித்தவர் பார்பராதான். அதிலிருந்து எழுந்த வழக்கு, பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்த ஐந்து வழக்குகளில் ஒன்றாயிற்று. பார்பரா பின்னாளில் நூலகராகப் பணியாற்றினார். மாணவத் தலைவராக இருந்தவர் ஆயுள் முழுதும் ஏதேனும் ஒரு பதவியில் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர் இந்தக் கடைசிச் செய்தியையும் கவனிக்கலாம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். இந்தச் செயல்பாடுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஆண்டு நிறுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. தேர்வுச் சுமை உண்மையானது, ஒரு நாளின் நேரமும் அளவானது. எதை நிறுத்தினால் அவள் வருந்தமாட்டாளோ அதை முதலில் நிறுத்தட்டும்; அந்தப் பட்டியல் நீங்கள் நினைப்பதைவிட நீளமாகவே இருக்கும். மன்றத் தலைமை அந்தப் பட்டியலைச் சேர்ந்ததா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்ளாமல், செயலாளருக்கும் வகுப்புப் பிரதிநிதிகளுக்கும் பகிர்ந்து கொடுக்க அவள் கற்றுக்கொள்ள நேர்ந்தால், தேர்வு ஆண்டு அதற்கு மோசமான ஆண்டு ஆகாது. பள்ளி அந்த மன்றத்தை விழா மேடையில் வரவேற்புரை வாசிக்க மட்டுமே வைத்திருக்கிறது என்றால், அதையும் அவளே கண்டறிந்து, இருப்பதா விலகுவதா என்று எடைபோடட்டும்.

முதல்வருக்கு எழுத எண்ணிய கடிதத்தை எழுதாதீர்கள். விலகுவதென்று அவள் முடிவு செய்தால், வாக்களித்தவர்கள் முன் நின்று காரணத்தைச் சொல்லி, நிலுவையிலுள்ள வேலைகளைத் துணைத் தலைவரிடம் அவளே ஒப்படைக்கட்டும். நீடிப்பதென்று முடிவு செய்தால், ஏதேனும் ஒரு தேர்வில் மதிப்பெண் குறையும் நாளில் 'அன்றே சொன்னேனே' என்று சொல்லாமலிருக்க உங்களால் முடியுமா என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.