ஒல்லி உடம்பை நோய் அண்டாதா?

கேள்வி: என் அண்ணனுக்கு 42 வயது, உயரம் 165 செ.மீ., எடை 98 கிலோ. அம்மாவுக்கு 68 வயது, 152 செ.மீ., 38 கிலோ. கொள்ளைநோய் வந்தால் குண்டானவர்களுக்குத்தான் ஆபத்து என்று அண்ணன் தினமும் ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறார். அம்மாவோ, "ஒல்லி உடம்புக்கு ஒன்றும் வராது" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அண்ணனின் பயம் நியாயமானது, வழிதான் தப்பு. எங்களுக்கு அதிகக் கவலை தருவது அம்மாவின் தைரியம்.

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அண்ணனுக்கு 36 வருகிறது. 30-ஐத் தொட்டாலே உடல்பருமன். அம்மாவுக்கு 16.4, 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவு.

2009 எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பரவலில்தான் பருமனே ஒரு தனி ஆபத்து என்பது பளிச்சென்று தெரிந்தது. கோவிட்டிலும் அதையே பார்த்தோம். மல்லாந்து படுத்தால் வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையை) மேலே தள்ளும், நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. அதோடு நிமோனியாவும் சேர்ந்தால் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். அதற்காகப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் தாழ்சர்க்கரை மயக்கமும் வரலாம். வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பது அதைவிட அவசரம்.

அம்மாவின் உடம்பில் கையிருப்பு இல்லை. புரதம் பற்றாதபோது எதிர்ப்பு அணுக்கள் குறையும். இருமும் தசைகள் தளர்ந்து சளி உள்ளேயே தங்கும். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் எரிசக்தித் தேவை சுமார் பத்து சதவீதம் கூடும், பசியோ செத்துப்போகும். ஆகவே இப்போதே தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் தினமும் சுமார் 46 கிராம் புரதம்: ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் ஏறக்குறைய அதே அளவு, மீதிக்குப் பயறு, மீன். ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். எடை ஏன் இவ்வளவு குறைந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும்: காசநோய், தைராய்டு, சர்க்கரை, ஏன், மெல்ல முடியாத பல்கூடக் காரணமாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து நாளுக்கு மேல் அம்மா எதுவுமே சாப்பிடாமல் கிடந்திருந்தால், தேறட்டும் என்று ஒரேயடியாக ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவர் மேற்பார்வையில் தேவையில் பாதி அளவில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

மெலிந்த முதியவர்களுக்குத் தொற்று முற்றினாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். அதனால் வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம். திடீர்க் குழப்பம், உணவை ஒதுக்குதல், நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கடைசி இரண்டும் அண்ணனுக்கும் பொருந்தும்.