நரம்பின் மேல் சிமெண்ட் வைத்த பல்: இரண்டு வாரம் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 34. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை இருந்தது. அதை எடுக்கும்போது நரம்பு ஒரு புள்ளியளவு தெரிந்ததால், பல் மருத்துவர் ‘பயோடென்டின்’ என்ற சிமெண்டைக் குழி முழுவதும் அடைத்துவிட்டு, பல் நிற அடைப்புக்கு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். என் தங்கைக்கு இதே சிகிச்சை ஒரே நாளில் முடிந்தது. எனக்கு மட்டும் ஏன் தாமதம்?

பதில்: உங்கள் மருத்துவர் தகுந்த காரணத்தோடுதான் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். முன்பு இத்தகைய இடங்களில் வைக்கப்பட்ட கால்சியம் ஹைட்ராக்சைடு நாளடைவில் கரைந்துபோகும். பல்லோடும் சரியாக ஒட்டாது. 1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்டும், பின்னர் வந்த பயோடென்டினும் கால்சியம் சிலிக்கேட் வகையைச் சேர்ந்தவை. கட்டடச் சிமெண்டுக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். எம்.டி.ஏ. இறுக மணிக்கணக்காகும், பயோடென்டினோ சுமார் 12 நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் அது முதல் இறுக்கம் மட்டுமே. உள்ளே படிகங்கள் வளர்ந்து நுண்துளைகள் அடைபட்டு முழு உறுதி வருவதற்கு நாட்கள், வாரங்கள் ஆகும்.

பல் நிற அடைப்பான காம்போசிட் தானாக ஒட்டாது. இடையில் மெல்லிய ஒட்டுப்பசை தடவ வேண்டும். நீல ஒளியில் இறுகும்போது காம்போசிட் சற்றுச் சுருங்கி, தன் அடியில் இருப்பதை இழுக்கும். அந்த இழுவையைத் தாங்க 17 முதல் 20 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை ஒட்டும் வலிமை வேண்டும் என்பது பல் மருத்துவ நூல்களில் வழங்கும் கணக்கு. ஆய்வகத்தில், இறுகிய சிமெண்டின் மேல் பசை தடவிக் காம்போசிட்டை ஒட்டவைத்து, அது பெயரும்வரை பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பார்கள். சில நிமிடங்களே ஆன சிமெண்டில் பல வேளைகளில் விரிசல் விழுவது பசை ஒட்டிய இடத்தில் அன்று, சிமெண்டின் உள்ளேயே. ஈரம் காயாத பூச்சில் ஓடு பதித்தால் ஓடு பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வருமே, அதே கதைதான். விலை உயர்ந்த பசையாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

பசை நன்றாகப் பிடிக்க அதற்கு முன் தடவும் பாஸ்பாரிக் அமிலமும் இளஞ்சிமெண்டின் மேற்பரப்பை அரிக்கக்கூடும். எம்.டி.ஏ.வின் மேல் அமிலம் தடவ 4 நாட்களாவது பொறுப்பது நல்லது என்று ஓர் ஆய்வு பரிந்துரைத்தது.

உங்கள் தங்கைக்கு, ரெசின் (பிளாஸ்டிக் போன்ற பிசின்) கலந்து ஒளியில் இறுகும் ‘தெராகால்’ போன்ற பொருளை வைத்திருக்கலாம். அல்லது சிமெண்டின் மேல் கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு அடைப்புப் பொருளின் அடுக்கு ஒன்றைப் போட்டு அன்றே முடித்திருக்கலாம். இரண்டும் வழக்கத்தில் உள்ள முறைகளே. ஒட்டும் வலிமையில் ரெசின் கலந்தது பெரும்பாலும் முந்தும் என்றாலும், நரம்பு திறந்துவிட்ட இடத்தில் ரெசின் இல்லாத சிமெண்டையே நான் விரும்புவேன்.

இந்த இரண்டு வாரமும் முறுக்கு, சீடை போன்றவற்றை மறுபக்கம் மெல்லுங்கள். பல் துலக்குவதை நிறுத்த வேண்டாம். குளிர்ச்சி பட்டால் சில நாட்கள் லேசாகக் கூசலாம். தானாக எழும் வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வீக்கம் ஆகியவை இருந்தால் குறித்த தேதிவரை காத்திருக்காமல் உடனே செல்லுங்கள். வேர் சிகிச்சை தேவைப்படலாம். மறுமுறை செல்லும்போது சிமெண்டின் மேல்பாதியை மட்டும் சீவி எடுத்துவிட்டு, எஞ்சியதைத் தளமாக வைத்துக் காம்போசிட் அடைப்பார். சீவும்போது வலிக்குமோ என்று அஞ்ச வேண்டாம். சிமெண்டுக்கு உணர்ச்சி இல்லை, ஓரத்தில் பல்லைத் தொட வேண்டியிருந்தால் மட்டும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள்.